மூணாறில் ரயில் வேண்டாம், நடக்க விடுங்கள்

மூணாறில் மறுபடியும் ரயில் விடவேண்டும் என்று அவ்வப்போது பேச்சு எழுகிறது. ஆசை நல்லதுதான். என்னைக் கேட்டால் நடைபாதை போதும்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் கதை. 1902ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள், இழுத்தது மாடு! 1908ல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலப் பாதையும் நீராவி எஞ்சினும் வந்தன. தேயிலைப் பெட்டி டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் போகும். அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடி, அப்புறம் வண்டி கட்டிப் போடி. 1924 ஜூலை வெள்ளம் பாதையை அடித்துக்கொண்டு போனது. மலையாளிகள் இன்றும் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்பார்களே, அதுதான் (கொல்லம் ஆண்டு 1099). பிறகு யாரும் திரும்பக் கட்டவில்லை.

மிச்சம்? பழைய ஸ்டேஷன் தேயிலைக் கம்பெனி அலுவலகமானது. பக்கத்து அலுமினியம் பாலம் ஒரு காலத்தில் ரயில் பாலம், இப்போது ரோடு. மேலே செல்ஃபி எடுக்கும் கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இங்கே சிங்கப்பூரில் 2011 ஜூன் 30ந் தேதியோடு தஞ்சோங் பகார் ரயில் நின்றது. தண்டவாளத்தை எடுத்தார்கள், புக்கிட் தீமா இரும்புப் பாலத்தை விட்டுவைத்தார்கள். இன்று சுமார் 24 கிலோமீட்டர் நடைபாதை. டிக்கெட் கிடையாது. பாட்டிகளும் நடக்கிறார்கள், சைக்கிள் பிள்ளைகளும் போகிறார்கள்.

பேங்க்காரன் புத்தி, கணக்குதான் முதலில் வருகிறது. மூணாறு ரயிலுக்குக் கடன் கேட்டு மனு வந்தால் நான் கேட்பது ஒன்றுதான்: மழையில் மலை சரிந்தால் அடுத்த சீசன் வரை தவணை யார் கட்டுவது? 2018 வெள்ளத்தையும் 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் லயங்கள் மண்ணுக்குள் போனதையும் பார்த்த பிறகுமா இந்தக் கேள்வி வராது? பாதை சரிந்தால் மண்ணை அள்ளிவிட்டு மறுபடி நடக்கலாம். எஞ்சினும் பெட்டியும் அப்படியில்லை.

பெட்டிமுடியில் இறந்த 70 பேரில் பெரும்பாலானோர் நம் தமிழ்த் தொழிலாளர்கள். அந்த ரயிலில் ஏறிய தேயிலையைக் கிள்ளியவர்களும் அந்த லயத்துச் சனங்களின் முன்னோர்தான். எனவே பாதை போட்டால் பலகையில் துரைமார் பெயரோடு நிறுத்தாதீர்கள். கூலிகள் எந்த ஊரிலிருந்து மலையேறினார்கள் என்பதையும் எழுதுங்கள், மலையாளத்தோடு தமிழிலும். வழியில் டீக்கடை போடும் உரிமை லயத்துப் பெண்களுக்கே போகட்டும், வெளியூர் கான்ட்ராக்டருக்கு வேண்டாம்.

டாப் ஸ்டேஷன் எல்லையில் இருப்பதால் இரண்டு அரசுகளும் பேசியாகவேண்டும். முல்லைப் பெரியாறுக்கே ஒத்துப்போகாதவர்கள் இதற்கா என்று சிரிக்காதீர்கள் :-) கேட்பது தண்ணீர் இல்லை, நடக்க ஆறடி வழிதான்.