சர்நேம் கட்டத்தில் யார் பெயர்?

தமிழ்நாட்டு வீடு ஒன்றின் பாஸ்போர்ட்களை மேசையில் பரப்பிப் பார்த்தால், அவை ஒரே வீட்டைச் சேர்ந்தவை என்று வெளிநாட்டுக்காரர் யாரும் நம்ப மாட்டார். அப்பாவின் சர்நேம் கட்டத்தில் தாத்தா பெயர் இருக்கும். பிள்ளைகளின் கட்டத்தில் அப்பா பெயர். அம்மா கல்யாணத்துக்கு முன்பே பாஸ்போர்ட் எடுத்தவர் என்றால் அதில் அவருடைய அப்பா பெயர். பாட்டிக்கு அந்தக் கட்டமே காலி. ஊருக்குள் இனிஷியலை வைத்தே எல்லாக் காரியமும் நடந்துவிடுகிறது. பாஸ்போர்ட் விண்ணப்பமோ இனிஷியலை விரித்து எழுதச் சொல்கிறது. எந்தப் பெயர் எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும் என்பதை அந்த நிமிடத்தில் பல வீடுகளில் கம்ப்யூட்டர் சென்டர்க்காரரே தீர்மானித்துவிடுகிறார்.

அந்தக் காலிக் கட்டம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது 2022 நவம்பரில் தெரிந்தது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவிலும் விசிட் விசாவிலும் அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. 21ஆம் தேதி முதல் விமான நிறுவனங்கள் அதைப் பயணிகளுக்குச் சொல்லத் தொடங்கின. துபாயில் வேலை செய்யும் மகனைப் பார்க்கக் கிளம்பும் பெற்றோர்களில் ஒற்றைப் பெயர்க்காரர்கள் எத்தனை பேர் என்பதைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று சில நாட்களிலேயே விளக்கம் வந்தது. அமெரிக்க விசாவில் வேறு வழக்கம். ஒற்றைப் பெயரைச் சர்நேமாக வைத்துக்கொண்டு, சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ என்று அச்சிடுகிறார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. எழுபது வயதுவரை ஒரே பெயரில் வாழ்ந்த ஒருவருக்குப் பெயர் தெரியவில்லை என்று முத்திரை குத்துவது மனதுக்கு ஒப்பவில்லைதான். ஆனால் விமான டிக்கெட்டும் விசாவும் பாஸ்போர்ட்டும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்பதால், ஒற்றைப் பெயரை எப்படிப் பதிய வேண்டும் என்று விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

அம்மா மட்டும் பிள்ளையோடு கிளம்பும்போது இதே பெயர்ச் சிக்கல் வேறு வடிவில் வரும். பிள்ளையின் சர்நேம் ஒன்று, தன் சர்நேம் இன்னொன்று. இது உங்கள் பிள்ளைதானா என்று அதிகாரி கேட்டால் எதைக் காட்டுவது? குழந்தைக் கடத்தலைத் தடுப்பதற்காக, 2015 ஜூன் 1 முதல் பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழைத் தென் ஆப்பிரிக்கா கட்டாயமாக்கியது. சுற்றுலா அடிபடுகிறது என்ற எதிர்ப்புக்குப் பின் 2019இல் தளர்த்தியது. விதி தளர்ந்தாலும் அதன் பின்னால் உள்ள கவலை நியாயமானது. மற்ற நாடுகளின் அதிகாரிகளும் இதுபோன்ற சான்றைக் கேட்கக்கூடும். பிறப்புச் சான்றிதழும், உடன் வராத அப்பாவின் சம்மதக் கடிதமும் கைப்பையிலேயே இருக்கட்டும். நம் ஊரில் குழந்தையின் பெயரே இல்லாமல் வாங்கிய பிறப்புச் சான்றிதழ்கள் ஏராளம். பெயரைச் சேர்க்க வேண்டுமானால் உள்ளாட்சி அலுவலகத்துக்குத் தனியாக ஒரு நடை போக வேண்டும்.

பெயருக்கு அடுத்தது தேதி. பெரியவர்களின் பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்குச் செல்லும். பிள்ளைகளுடையது பொதுவாக ஐந்து ஆண்டு அல்லது பதினெட்டு வயது, எது முந்துகிறதோ அதுவரை. குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே நாளில் எடுத்ததால் ஒரே நாளில்தான் முடியும் என்ற நினைப்பில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சிங்கப்பூரும் மலேசியாவும் பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்கின்றன. ஆகவே பிள்ளையின் ஐந்தாண்டுப் பாஸ்போர்ட் அங்கே போவதற்கு உண்மையில் நாலரை ஆண்டுதான் உதவும். தகுந்த ஆவணம் இல்லாதவரை ஏற்றிச் சென்றால் அபராதமும் திருப்பி அனுப்பும் பொறுப்பும் விமான நிறுவனத்தின் தலையில் விழும். அதனால் போர்டிங் பாஸ் தரும் கவுண்டரிலேயே ஒவ்வொரு பாஸ்போர்ட்டாகச் சரிபார்த்துவிடுவார்கள். அங்கே ஒரு பிள்ளைக்குத் தடை விழுந்தால் மொத்தக் குடும்பமும் வீடு திரும்ப வேண்டியதுதான்.

கோடை விடுமுறையில் சிங்கப்பூரையும் மலேசியாவையும் சேர்த்துப் பார்த்துவருவது இங்கே பலருக்குப் பிடித்த திட்டம். இரண்டு நாடுகளையும் பாலங்கள் இணைத்தாலும் சட்டம் வேறு வேறு. மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா கேட்பதில்லை. இந்தச் சலுகை 2026 முடிய நீட்டிக்கப்பட்டிருக்கிறது. சிங்கப்பூருக்கு விசா வேண்டும், குழந்தைக்கும் தனியாக. அது ஒரே நுழைவுக்கான விசா என்றால், மலேசியாவின் ஜொகூருக்குப் போகும் பாலத்தைத் தாண்டிய நொடியில் அதன் வேலை முடிந்துவிடும். திரும்பும் விமானம் சிங்கப்பூரிலிருந்து என்றால் திண்டாட்டம். இவை தவிர, இரு நாடுகளும் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பச் சொல்கின்றன, வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள். இரண்டுமே இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் அல்ல.

ஐரோப்பாவின் ஷெங்கன் விசா 29 நாடுகளுக்குச் செல்லும். பிரிட்டனும் அயர்லாந்தும் அதில் இல்லை. 2024 ஜூன் முதல் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு முதல் பதினொரு வயதுவரை 45, அதற்குக் கீழே இலவசம். கட்டணம் இல்லை என்பதால் கைக்குழந்தைக்கு விண்ணப்பமே தேவையில்லை என்று எண்ணிவிடக் கூடாது. விண்ணப்பமும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் அதற்கும் உண்டு.

பெரியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் அமெரிக்காவில்தான். மகளின் பிரசவத்துக்குத் துணையாகப் போகும் பாட்டியிடம் பத்தாண்டு விசா இருக்கும். பத்தாண்டு என்பது நுழைவு கேட்டுப் போய் நிற்பதற்கான கால அளவு. எத்தனை நாள் தங்கலாம் என்பதை ஒவ்வொரு முறையும் அங்கே இறங்கும் இடத்தில் அதிகாரி முடிவு செய்வார்; அந்தத் தேதி ‘ஐ-94’ பதிவில் இருக்கும். பேரனின் முதல் பிறந்தநாளைப் பார்த்துவிட்டுப் போகலாமே என்று அனுமதி பெறாமல் அந்தத் தேதியைத் தாண்டினால், மிச்சமிருக்கும் விசா காலம் முழுவதும் செல்லாமல் போய்விடும். விசா உள்ள பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தால் பழையதைத் தூர எறியக் கூடாது. விசா காலம் மிச்சமிருக்கும்வரை பழையதையும் புதியதையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டும்.

சர்நேம் இல்லாத உங்கள் வீட்டுப் பாட்டி இன்னும் எந்த நாட்டு விசாவும் வாங்கவில்லை என்றால் அந்தக் காலிக் கட்டத்தை நிரப்ப இதுவே நல்ல நேரம். பாஸ்போர்ட் சேவை மையத்தில் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்து, ஆதாரிலும் மற்றச் சான்றுகளிலும் உள்ளபடியே பெயரைப் பிரித்து எழுதச் சொல்லலாம். கம்ப்யூட்டர் சென்டரில் தட்டச்சு செய்யும்போது வீட்டில் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகப் பார்த்துக்கொள்ளட்டும். புதிய பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு டிக்கெட் போடலாம்.