செங்கோலும் குத்தகைக்கா?

ஒருவனைப் பிடித்து, ஓர் அறைக்குள் தள்ளி, வெளியே பூட்டிட்டு, 'என் இசைவின்றி நீ வெளியேறலாகாது' என்று சொல்லும் உரிமை எவர்க்கு உண்டு? பக்கத்து வீட்டான் அதைச் செய்தால் அவனே குற்றவாளி. பணம் படைத்தவன் செய்தாலும் அஃதே. ஊரார் கூடிச் செய்தாலும் அது முறையாகாது. மக்கள் தம் பேராளர் வழியாகச் சட்டம் இயற்றி, முறைமன்றம் அமைத்து, வழக்கை உசாவித் தீர்ப்பளித்த பின்னர், அதுவும் அரசு என்னும் பொதுவமைப்பின் கையாற் செய்யப்படும்பொழுதே, அச்செயல் குற்றமாகாமல் ஒறுப்பாகின்றது. செய்கை ஒன்றே, செய்யும் கையே அதனை முறையாகவோ கொடுமையாகவோ ஆக்குகின்றது. அந்தக் கையைத்தான் இன்று உலகிற் சில அரசுகள் வணிகர்க்குக் குத்தகைக்கு விட்டிருக்கின்றன.

இக்காலத்து இவ்வணிகம் அமெரிக்காவில் தலையெடுத்தது. 1983ஆம் ஆண்டில், தென்னசி மாநிலத்து நாசுவில் நகரில், 'அமெரிக்கத் திருத்தக் குழுமம்' என்று பொருள்படும் பெயருடன் ஒரு வணிக நிறுவனம் தோன்றியது. இரண்டே ஆண்டில், 1985இல், அம்மாநிலத்துச் சிறைகள் அனைத்தையும் தானே எடுத்து நடத்துவதாக அரசிடம் கேட்கும் அளவிற்கு அதற்குத் துணிவு வந்துவிட்டது. மாநில அரசு அன்று இசையவில்லை. ஆயினும் வேறு மாநிலங்கள் இசைந்தன. 1990இல் ஆசுத்திரேலியாவும் 1992இல் இங்கிலாந்தும் அவ்வழியிற் சென்றன. 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி அமெரிக்கச் சிறையாளருள் நூற்றுக்கு எண்மர் தனியார் சிறையில் இருந்தனர்.

'திருத்தம்' என்னும் சொல்லை இவ்வணிகர் எடுத்தாண்ட திறம் வியக்கத்தக்கது. மாணவன் ஏட்டிற் செய்த பிழையைத் திருத்தும் ஆசிரியன், அடுத்த ஏட்டில் அப்பிழை வரலாகாது என்றே விரும்புவான். பிழை பெருகப் பெருகத் தனக்கு வருவாய் பெருகும் என்றிருப்பவன் எதைத் திருத்துவான்? 2016இல் அந்நிறுவனம் தன் பெயரைக் 'கோர்சிவிக்' என்று மாற்றிக்கொண்டது. பெயர் மாறியதேயன்றித் தொழில் மாறவில்லை.

இவ்வணிகத்தின் கணக்கு மிக எளிது. சிறையாளர் ஒருவர்க்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அரசு தொகை தரும். அத்தொகையில் உணவு, மருத்துவம், காவலர் கூலி ஆகியவை போக எஞ்சுவது குழுமத்தின் ஈட்டம். ஆகலின் ஈட்டம் பெருக இரண்டே வழிகள் உள்ளன: ஆட்கள் மிகவேண்டும், அவர்க்கான செலவு குறையவேண்டும். இவ்விரண்டனுள் எதுவும் நாட்டிற்கு நன்மையன்று.

ஆட்கள் மிகவேண்டும் என்பது வெறும் ஐயுறவு என்று எவரும் ஒதுக்கவேண்டா. 2012இல் அந்நிறுவனமே 48 மாநிலங்கட்கு மடல் விடுத்தது. மாநிலங்களின் சிறைகளை விலைக்கு வாங்கிக்கொள்வதாகவும், அதற்கு மாற்றாக 20 ஆண்டு ஒப்பந்தமும் சிறை 90 விழுக்காடு நிரம்பியிருக்கும் என்னும் உறுதியும் வேண்டும் என்றும் அம்மடல் கேட்டது. அரிசோனா மாநிலத்தில் 100 விழுக்காடு நிரப்புவதாக உறுதி தந்த ஒப்பந்தங்களே இருந்தன. அறை வெறுமையாய்க் கிடந்தாலும் அதற்கும் மக்கள் வரிப்பணத்தினின்று தொகை போகும். குற்றம் குறைந்தமைக்கு மக்கள் தண்டம் கட்டுவதை வேறெந்த நூற்றாண்டிலேனும் எவரேனும் கேட்டதுண்டா? இன்னும் வெளிப்படையான சான்று, பங்குதாரர்க்கு அந்நிறுவனம் விடுத்த ஆண்டறிக்கையிலேயே உண்டு. ஒறுப்புச் சட்டங்கள் தளர்த்தப்படுவதும், போதைப்பொருள் பற்றிய சில செயல்கள் குற்றப்பட்டியலினின்று நீக்கப்படுவதும் தன் தொழிலுக்கு இடர் விளைக்கக்கூடியவை என்று அது தன் கையாலேயே எழுதி வைத்திருக்கின்றது. நாட்டின் நலம் எதுவோ அதுவே அதற்கு இழப்பு!

இந்நச்சு முறைமன்றத்தின் மேடையிலும் ஏறியது. பென்சில்வேனியா மாநிலத்து இலூசெர்ன் மாவட்டத்தில் நடுவர் இருவர், தனியார் சிறார் காப்பகங்களோடு தொடர்புடையாரிடமிருந்து இருபது இலக்கம் தாலர்க்கு மேற்பட்ட தொகையைப் பெற்றனர். சிறு குறும்பு செய்த பிள்ளைகளும் வழக்கறிஞர் துணையின்றி அடைக்கப்பட்டனர். 2009இல் இது வெளிப்பட்டபின், அம்மாநிலத் தலைமை முறைமன்றம் ஏறத்தாழ 4,000 தீர்ப்புகளை நீக்கியது. 2011இல் ஒருவர்க்கு 28 ஆண்டும் மற்றவர்க்குப் பதினேழரை ஆண்டும் சிறை கிடைத்தது. நடுவரின் பேராசைக்குக் குழுமத்தைக் குறைகூறலாமா என்று கேட்பார் உளர். பிள்ளைகளை அடைப்பதில் எவர்க்கும் காசில்லை என்றிருந்தால் அந்தக் கையூட்டைக் கொடுக்க முன்வந்தவன் எவன்?

செலவு குறையவேண்டும் என்னும் மற்றொரு வழி ஐடகோ மாநிலத்திற் கண்ட காட்சியிற் போய் முடிந்தது. அங்கு அந்நிறுவனம் நடத்திய சிறையில் சிறையாளர் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளும் கொடுமை மிகுந்ததால், அதற்கு 'மற்போர்ப் பள்ளி' என்று பொருள்படும் பட்டப்பெயரே ஏற்பட்டது. காவலிடங்களில் ஆளே இல்லாத பொழுதுக்கும் ஆள் இருந்ததாக ஏறத்தாழ 4,800 மணி நேரம் பொய்யாக எழுதப்பட்டிருந்ததை 2013இல் அந்நிறுவனமே ஒப்பியது; மாநிலத்திற்கு 10 இலக்கம் தாலர் கட்டியது; 2014இல் அரசே அச்சிறையை மீட்டுக்கொண்டது. இலூயிசியானாவின் வின் சிறையில் ஓர் இதழாளர் காவலராய்ச் சேர்ந்து நான்கு திங்கள் பணியாற்றினார். அங்குக் காவலர்க்குக் கிடைத்த கூலி மணிக்கு 9 தாலர். அத்தனை குறைந்த கூலிக்கு, அத்தனை பெரிய இடரில், எத்தகைய காவலை எதிர்பார்க்க இயலும்?

சிக்கனம் என்று சொல்லித்தான் இவ்வாணிகம் புகுந்தது. அமெரிக்க முறைத்துறையின் சார்பில் 2001இல் வெளிவந்த ஆய்வு, நூற்றுக்கு 20 மிச்சமாகும் என்று சொல்லப்பட்ட இடத்தில் மிச்சமானது ஏறத்தாழ ஒன்றே என்றும், அதுவும் பெரும்பாலும் கூலிக்குறைப்பால் வந்ததே என்றும் கூறிற்று. அந்த ஒன்றுக்காகவா செங்கோலை அடகு வைப்பது?

இது புதுமையும் அன்று. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சிறை காப்பவனுக்கு அரசு ஊதியம் தரவில்லை; சிறையாளரிடமே அவன் கட்டணம் பெற்றான். குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டோரும் கட்டணம் கட்ட வகையின்றிச் சிறையிலேயே கிடந்தனர். 1773இல் பெட்போர்டு மாவட்டத்தில் இதனைக் கண்டு நெஞ்சம் கொதித்த சான் ஓவர்டு என்பார் நாடெங்கும் சிறை சிறையாகச் சென்று எழுதிய நூல் 1777இல் வெளிவந்தது.

அமெரிக்காவில் நிகழ்ந்தது இன்னும் கொடிது. 1865இல் அடிமைமுறையை ஒழித்த சட்டத்திருத்தம், குற்றத்திற்கான ஒறுப்பாக அமைவதை மட்டும் விலக்கி வைத்தது. அந்தச் சிறு விலக்கு வழியே அடிமைமுறை மீண்டும் உள்ளே நுழைந்தது. வேலையின்றித் திரிந்தான் என்று கறுப்பின மக்களைப் பிடித்து, சிறையிலிட்டு, சுரங்கக்காரர்க்கும் கரும்புத் தோட்டக்காரர்க்கும் மாநிலங்கள் குத்தகைக்கு விட்டன. விலை கொடுத்து வாங்கிய அடிமை செத்தால் ஆண்டைக்கு முதல் இழப்பு; குத்தகையாள் செத்தால் வேறோர் ஆள் வருவான். ஆகலின் அடிமைக்கிருந்த காப்புக்கூட இவர்க்கில்லை. 1911இல் அலபாமாவின் பானர் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 128 பேர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் குத்தகைச் சிறையாளரே. 1928வரை அம்மாநிலம் அக்குத்தகையைக் கைவிடவில்லை. கரும்பாலையாற் பெயர்பெற்ற தெக்சாசு மாநிலத்துச் சுகர்லாந்து நகரில், 2018இல், பள்ளிக்கூடம் கட்டத் தோண்டிய நிலத்தினின்று 95 பேரின் எலும்புகள் வெளிப்பட்டன. அவருள் 14 அகவைச் சிறுவனும் இருந்தான். எவர்க்கும் பெயர்க்கல் இல்லை.

இன்றைய ஒப்பந்தச் சிறை அந்தப் பழங்குத்தகை அன்று என்பர். உண்மைதான், இன்று சுரங்கத்திற்கு அனுப்புவதில்லை. ஆயினும் ஒன்று மாறவில்லை. இடையில் ஒரு வணிகன் நின்றவுடன், 'இதற்கு விடைசொல்ல வேண்டியவன் யார்?' என்னும் வினா திக்கற்றுப் போகின்றது.

2008ஆம் ஆண்டு சனவரியில் மேற்கு ஆசுத்திரேலியாவில் நடந்ததை எண்ணுக. அம்மண்ணின் முதுகுடியைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், குடித்து வண்டி ஓட்டினார் என்று பிடிக்கப்பட்டார். இலாவர்ட்டனிலிருந்து கல்கூர்லிக்கு 360 கிலோமீட்டர், பாலைநிலம், கோடை. தனியார் குழுமத்துக் காவலர் அவரை வண்டியின் பின்புற இரும்புக் கூண்டில் அடைத்துக் கொண்டுசென்றனர். குளிர்க்கருவி வேலை செய்யவில்லை. கூண்டின் வெப்பம் 50 பாகைக்கு மேற்பட்டது. சுட்ட இரும்புத் தளத்திற் பட்டு உடல் வெந்து, அவர் மாண்டார். வண்டி அரசினுடையது, ஓட்டியது குழுமம். பழுதான வண்டியைக் கொடுத்தவன் குற்றமா, பழுதென்று தெரிந்தும் ஆளை ஏற்றியவன் குற்றமா? இறுதியில் 2011இல் இருவர்க்கும் ஆளுக்கு 2,85,000 தாலர் தண்டம் விதிக்கப்பட்டது. சாவு இரு பங்காகப் பிரிக்கப்பட்டுக் கணக்கு முடிந்தது. சிறைசென்றார் எவருமிலர்.

அதே நாட்டில்தான் 2009க்குப் பின் ஈழத்தமிழர் படகேறிச் சென்று அடைக்கலம் கேட்டனர். கிறித்துமசுத் தீவிலும் சிட்னியின் வில்லவுட்டிலும் அவரை அடைத்து வைத்த முகாம்களை அக்காலத்தில் நடத்தியது செர்க்கோ என்னும் பிரித்தானியக் குழுமம். அவர்கள் குற்றவாளிகளா? எந்த முறைமன்றமும் அவரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்ததில்லை. முடிவு நாள் இன்னதென்று தெரியாமல் ஆண்டுக்கணக்கிற் கிடந்தோரும் உளர். முள்ளிவாய்க்காலின் நெருப்பினின்று தப்பியவன் கம்பிவேலிக்குள் கழித்த ஒவ்வொரு நாளும் ஒரு வணிகனின் வரவேட்டில் ஒரு வரியாயிற்று என்பதைத் தமிழினம் மறக்கலாகாது. மானுசுத் தீவு முகாமில் அடைபட்டோர் தொடுத்த வழக்கில் 2017இல் ஆசுத்திரேலிய அரசும் ஒப்பந்தக் குழுமங்களும் 7 கோடித் தாலர் தந்து உடன்பாடு செய்துகொண்டன.

அரசுச் சிறைகள் மட்டும் இனியவையா என்று வினவுவார்க்கும் விடை கூறுதல் வேண்டும். இனியவை என்று தமிழர் எவரும் சொல்லார். கோவைச் சிறையிற் செக்கிழுத்த சிதம்பரனாரை மறந்தவர் யார்? இந்தித் திணிப்பை எதிர்த்துச் சிறைசென்ற நடராசனும் தாளமுத்துவும் 1939இல் சிறைப்பட்ட நிலையிலேயே உயிர்நீத்தனர். ஆனால் அச்சாவுகளுக்கு விடைசொல்லும் கடன் எவருடையது என்பதில் அன்று எவர்க்கும் ஐயமில்லை. ஆட்சி கண்முன் நின்றது. 'இஃது ஒப்பந்தக்காரர் செய்தது' என்று கைகழுவ அமைச்சர்க்கு வழியில்லை. சிலம்பின் பாண்டியனும் அந்நிலையில் நின்றவனே. பொய்யுரைத்தவன் பொற்கொல்லன், வெட்டியவன் காவலன், எனினும் பழியை அவ்விருவர் தலையிற் கட்டி உயிர்பிழைக்க அவன் எண்ணவில்லை. கோல் தன் கையிலிருந்ததால் பழியும் தனதே என்று வீழ்ந்தான். இக்காலக் குத்தகைச் சிறையில் பாண்டியன் இருக்கமாட்டான். பொற்கொல்லனும் ஓர் ஒப்பந்தத் தாளும் மட்டுமே இருப்பர்.

இந்தியச் சிறைகளில் 2022 இறுதியில் இருந்தோர் 5,73,220 பேர். அவருள் 4,34,302 பேர், அஃதாவது நால்வருள் மூவர், வழக்கு முடியாதவர்கள். இங்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஒருவனுக்குக் கூலி பேசினால், வழக்குக் காலந்தாழ்வதே அவனுக்கு அறுவடை. அரசமைப்புச் சட்டத்தின்படி சிறை மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது. அவ்வணிகர் என்றேனும் வந்து தட்டுவாராயின் அவர் தட்டப்போவது சென்னைக் கோட்டையின் கதவைத்தான்.

இவ்வினாவிற்கு நேரான விடை கண்ட நாடு இசுரேல். அந்நாட்டுச் சிறைகளிற் பாலத்தீனர் படும் பாடு தனியே எழுதத்தக்கது. ஆயினும் இவ்வொரு தீர்ப்பை மதிக்காமல் இருத்தல் இயலாது. 2004இல் தனியார் சிறைக்கு இடந்தரும் சட்டம் அங்கு இயற்றப்பட்டது. பீர்செபா நகரருகில் 800 பேர்க்கான சிறையும் கட்டப்பட்டது. சட்டக் கல்லூரி ஒன்றின் மாந்தவுரிமைப் பிரிவு 2005இல் முறையீடு செய்தது. 2009 நவம்பர் 19ஆம் நாள், தலைமை நடுவர் தோரித் பெய்னிசு உள்ளிட்ட ஒன்பதின்மருள் எண்மர் அச்சட்டம் செல்லாது என்றனர். ஒருவர் மட்டும், நடத்திப் பார்த்தபின் முடிவு செய்யலாம் என்றார். எண்மர் கூறிய கரணியம் கூர்ந்து நோக்கத்தக்கது. அத்தனியார் சிறையில் உணவு கெட்டிருக்கும், அடி விழும் என்று அவர் சொல்லவில்லை. அஃது அரசுச் சிறையினும் நன்றாகவே இருக்கலாம். ஆயினும் ஈட்டம் கருதும் ஒருவனிடம் ஒரு மாந்தனின் விடுதலையைப் பறிக்கும் ஆணையை ஒப்படைப்பதே அவன் மாந்த மதிப்பைக் குலைப்பதாகும், அவனை ஈட்டப் பொருளாக்குவதாகும் என்றனர்.

அமெரிக்காவோ ஊசலாடிக்கொண்டிருக்கின்றது. நடுவணரசின் சிறைகளில் தனியார் ஒப்பந்தத்தைப் படிப்படியாகக் கைவிடுவதென 2016இல் ஆணை பிறந்தது, 2017இல் நீக்கப்பட்டது, 2021இல் மீண்டும் பிறந்தது, 2025 சனவரியில் மீண்டும் நீக்கப்பட்டது. குடிவரவுக் காவலில் அடைக்கப்படுவோரை எந்த ஆணையும் தொடவில்லை. அவருட் பெரும்பாலோர் இருப்பது தனியார் காவலிலேயே. இங்கிலாந்தில், 2011இல் குழுமத்திடம் ஒப்படைத்த பர்மிங்காம் சிறையை 2018இல் அரசு திரும்பப் பெற நேர்ந்தது. ஆய்வுக்குச் சென்ற தலைமைக் கண்காணிப்பாளர் அங்குக் கண்டது, சிறையாளர்க்கு அஞ்சித் தம் அறைகளுள் தம்மைத் தாமே பூட்டிக்கொண்டிருந்த காவலரை!

பீர்செபாவிற் கட்டி முடித்த சிறையின் திறவுகோல் வணிகர் கைக்குப் போகவில்லை.