ஐரோப்பியக் குடியுரிமை மலிவு விலையில் கிடைக்குமா?



கொஞ்சம் நீளமான பதிவுதான். பிள்ளையை ஐரோப்பாவுக்கு அனுப்ப யோசிக்கும் உம்மா, வாப்பாமாராவது கடைசி வரை வாசியுங்கள்.

2022இல் பெற்றோலுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்ற காலத்திலிருந்து நம் ஊர்களில் ஒரு பேச்சு ஓயவே இல்லை. முன்பு நம்மவர்கள் கட்டார், சவூதி, டுபாய் என்று போவார்கள், உழைப்பார்கள், திரும்பி வந்து வீடு கட்டுவார்கள். வளைகுடாவில் எத்தனை வருடம் உழைத்தாலும் குடியுரிமை தரமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் அந்த எதிர்பார்ப்பும் இருக்கவில்லை. இப்போது பிள்ளைகள் கேட்பது வேறு. "சேர், பீஆர் கிடைக்கிற நாடு எது?" உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வருவதற்கு முன்பே இந்தக் கேள்வி வந்துவிடுகிறது.

கேள்வியில் தவறில்லை. போகாதே என்று சொல்ல எங்களுக்கு உரிமையும் இல்லை. ஓர் ஆசிரியரின் சம்பளம் எவ்வளவு என்பது பிள்ளைகளுக்குத் தெரியும், அதைக் காட்டி "இங்கேயே இரு" என்று எங்களால் வாதாட முடியாது. நாம் கவலைப்படுவது வேறொன்றுக்கு. ஊர் வட்ஸ்அப் குழுக்களில் "மலிவு விலையில் ஐரோப்பிய பீஆர், குடும்பத்தோடு போகலாம், பாஸ்போர்ட் உறுதி" என்று விளம்பரங்கள் வருகின்றன. அதை நம்பி விற்கப்படுவது யாருடைய காணி? பெரும்பாலும் தங்கச்சிக்கு வீடு கட்ட வைத்திருந்த வளவு. கிழக்கில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுக்கும் வழக்கம் சரியா பிழையா என்பதை வேறு ஒரு நாள் பேசுவோம். ஆனால் அந்த வளவு போனால் அந்தப் பிள்ளையின் கல்யாணம் எத்தனை வருடம் தள்ளிப் போகும் என்பது ஏஜென்சிக்காரருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். இந்த விளம்பரங்கள் நான்கு வேறு விடயங்களை ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுகின்றன. வீசா என்பது உள்ளே போவதற்கான அனுமதி. தற்காலிக வதிவிட அட்டை என்பது படிப்புக்கோ வேலைக்கோ ஒரு வருடம், இரண்டு வருடம் என்று தருவது, காரணம் முடிந்தால் அதுவும் முடியும். நிரந்தர வதிவிடம், அதாவது உண்மையான பீஆர், ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுவான சட்டப்படி 5 வருடம் தொடர்ச்சியாகச் சட்டபூர்வமாக வாழ்ந்தவருக்கு உரியது. சில நாடுகள் சிலருக்கு அதற்கு முன்னரும் கொடுக்கின்றன. குடியுரிமை அதற்கும் அப்பால். ஏஜென்சி "பீஆர் கார்ட்" என்று காட்டுவது பல சமயங்களில் இரண்டாவது வகை. பிளாஸ்டிக் அட்டையில் படம் இருந்தால் போதும், நாமும் மாஷா அல்லாஹ் போட்டுவிடுகிறோம்.

காசு கொடுத்து வாங்கும் வழியே இல்லையா? இருந்தது, கொஞ்சம் இன்னும் இருக்கிறது, ஆனால் அது நமக்கானதல்ல. சைப்பிரஸ் பாஸ்போர்ட் விற்றது. ஊழல் வெளியே வந்ததும் 2020 நவம்பரில் நிறுத்தியது. மோல்ட்டா தொடர்ந்து விற்றது. 2025 ஏப்ரல் 29ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றம், குடியுரிமையை வியாபாரப் பொருளாக்க முடியாது என்ற அடிப்படையில் அதைச் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. அயர்லாந்து முதலீட்டாளர் திட்டத்தை 2023இல் மூடியது. ஸ்பெயின் 2025 ஏப்ரலில் மூடியது. போர்த்துக்கல் வீடு வாங்கி வதிவிடம் பெறும் வழியை 2023இல் எடுத்துவிட்டது, முதலீட்டு நிதியில் 5 இலட்சம் யூரோ போடுவது போன்ற வழிகள்தான் பாக்கி. கிரீஸில் 2,50,000 யூரோவாக இருந்த தொகை ஏதென்ஸ் போன்ற இடங்களில் 8 இலட்சம் யூரோவாகிவிட்டது. ஒரு யூரோவை 350 ரூபாய் என்று வைத்தால், அந்தப் பழைய 2,50,000 யூரோவே எட்டே முக்கால் கோடி ரூபாய். அவ்வளவு பணம் உள்ளவர் நம் பதிவை வாசித்துக்கொண்டிருக்க மாட்டார்!

ஆகவே சில இலட்சங்களுக்கு "முதலீட்டு பீஆர்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழும்பி வந்துவிடலாம்.

அடுத்தது போர்த்துக்கல் கதை. இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அரைவாசி உண்மையாக இருந்ததுதான் இதன் ஆபத்து. சில வருடங்களுக்கு முன்பு வரை ஒருவர் சுற்றுலா வீசாவில் போய், அங்கு வேலை தேடி, வரிக்கும் சமூகப் பாதுகாப்புக்கும் பதிந்து, "எனக்கு வதிவிடம் வேண்டும்" என்று உள்ளிருந்தே விண்ணப்பிக்க முடிந்தது. தெற்காசியாவிலிருந்து போன பலர் அப்படித்தான் அட்டை எடுத்தார்கள். 2024 ஜூனில் அந்தக் கதவை அரசாங்கம் மூடிவிட்டது. இப்போது சரியான வீசாவை வெளியிலிருந்தே எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஆனால் அதற்கு முன்பு போனவரின் டிக்டொக் வீடியோ இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குக் கிடைத்தது உண்மை. அந்த வீடியோவைக் காட்டி இன்று காசு வாங்குபவர்தான் பொய் சொல்கிறார்.

போர்த்துக்கலில் 5 வருடத்தில் பாஸ்போர்ட் என்பதும் அப்படித்தான். அதை நம்மைப் போன்ற நாட்டவருக்கு 10 வருடமாக்க அந்நாட்டுப் பாராளுமன்றம் 2025இல் வாக்களித்தது. இங்கே கணக்குப் போட்டுவிட்டுப் போகிற பிள்ளை அங்கே இறங்கும்போது கணக்கு மாறியிருக்கலாம். அங்கே "டீ7" என்ற வீசாவும் உண்டு, உண்மையானதுதான். ஆனால் அது வாடகை, ஓய்வூதியம் போன்ற வருமானம் உள்ளவர்களுக்கு. 2025இல் மாதம் 870 யூரோ, அதாவது மூன்று இலட்சம் ரூபாய் உட்கார்ந்த இடத்தில் வர வேண்டும். நம் ஊரில் கடை வாடகை வருகிற ஹாஜியார் வேண்டுமானால் யோசிக்கலாம், இருபது வயதுப் பிள்ளைக்கு அது பொருந்தாது.

இத்தாலி பற்றி வென்னப்புவ, நீர்கொழும்புப் பக்கம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். முப்பது நாற்பது வருடமாக அங்கிருந்து போய்த் தெருத் தெருவாக இத்தாலிப் பணத்தில் வீடு கட்டிய ஊர்கள். அங்கே வருடாந்த ஒதுக்கீட்டில் வெளிநாட்டு வேலையாட்களை எடுக்கிறார்கள், இலங்கையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் விண்ணப்பிப்பது நாமல்ல, அங்குள்ள முதலாளி. முதலாளியே இல்லாத போலிக் கம்பனிகளின் பெயரில் அனுமதிகள் விற்கப்பட்டதால் 2024 ஒக்டோபரில் இத்தாலி அரசு பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாட்டவருக்கான அனுமதிகளைப் பரிசோதனைக்காக நிறுத்தி வைத்தது. போலி ஆவணத்தில் போனவர்களால் ஒழுங்காக விண்ணப்பித்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள். குடியுரிமைக்கு அங்கே 10 வருடம். அதை 5 ஆக்குவதற்கு 2025 ஜூனில் சர்வஜன வாக்கெடுப்பு வைத்தார்கள், போதிய மக்கள் வாக்களிக்க வரவில்லை, தோற்றுவிட்டது.

ருமேனியா? வேலை உண்டு. கட்டடம், தையல், உணவு விநியோகம் என்று நம்மவர்கள் இருக்கிறார்கள். 2025 ஜனவரி முதல் அது முழுமையாக ஷெங்கன் வலயத்துக்குள் வந்துவிட்டது என்பதும் உண்மை. அதற்காக ருமேனியா அட்டையை வைத்துக்கொண்டு ஜேர்மனியில் வேலை செய்யலாம் என்று அர்த்தமல்ல. அப்படி ஓடுகிறவர் இரண்டு நாட்டிலும் சட்டவிரோதியாகிறார். 5 வருடம் அங்கேயே பொறுமையாக இருக்கத் தயாரானவருக்கு அது மோசமான வழியல்ல. குடியுரிமைக்குப் பொதுவாக 8 வருடம்.

சுற்றுலா வீசாவில் போய் "அப்படியே நின்றுவிடலாம்" என்ற ஆலோசனைக்கு ஒரு வரி மட்டும். 2025 ஒக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் முத்திரைக்குப் பதிலாக விரலடையாளமும் முகப்படமும் எடுத்துக் கணினியில் பதியத் தொடங்கிவிட்டார்கள். நாள் கடந்தால் கணினியே சொல்லும். பேப்பர் கல்யாணம் பற்றி எழுதவே விருப்பமில்லை. நிக்காஹ்வை அட்டைக்கு விற்பது என்ன என்பதை மௌலவிமார் சொல்லட்டும், சட்டத்தில் அது குற்றம் என்பதை நாம் சொல்லிவைக்கிறோம்.

சரி, அப்படியானால் மலிவான வழி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் காசு குறைய வேண்டுமானால் காலமும் உழைப்பும் கூட வேண்டும். நமக்குத் தெரிந்தவரை இன்று ஒரு சாதாரண குடும்பத்துப் பிள்ளைக்கு ஓரளவு நியாயமாகத் திறந்திருக்கும் கதவு ஜேர்மனி.

அங்கே பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணமே இல்லை. பாடன் வுர்ட்டம்பேர்க் மாநிலத்தில் வெளிநாட்டவருக்கு ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மற்ற இடங்களில் பெரும்பாலும் நூறு முதல் முந்நூறு யூரோ சொச்சம் செமஸ்டர் பணம், அவ்வளவுதான். சிக்கல் எங்கே என்றால், ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோவை முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும். ஏறத்தாழ 42 இலட்சம் ரூபாய். இது யாருக்கும் கொடுக்கும் காசல்ல. பிள்ளையின் பெயரிலேயே இருக்கும், மாதம் 992 யூரோவாகத் திரும்பப் பிள்ளைக்கே வரும். ஏஜென்சிக்குக் கொடுத்துத் தொலைக்கும் காசுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை உம்மாமார் கவனிக்க வேண்டும். இந்த 42 இலட்சத்தை வட்டிக்கு எடுக்கப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள், கீழே வருகிறோம்.

இரண்டாவது கதவு தொழிற்பயிற்சி. "அவுஸ்பில்டுங்" என்பார்கள். இரண்டு முதல் மூன்றரை வருடம், கம்பனியில் வேலை பழகிக்கொண்டே தொழிற்பாடசாலையில் படிப்பது. தாதி, முதியோர் பராமரிப்பு, மின்சாரம், வாகனம் திருத்துதல், சமையல் என்று பல துறைகள். படிக்கும்போதே கம்பனி மாதாந்தக் கொடுப்பனவு தரும், பல துறைகளில் 1,000 யூரோ அளவில். அந்தத் தொகை வாழ்க்கைச் செலவுக்குப் போதுமானால் முடக்கப்பட்ட கணக்கும் தேவையில்லை. ஆக, 42 இலட்சம் இல்லாத பிள்ளைக்கும் இந்தக் கதவு திறக்கும். சாவி என்ன? ஜேர்மன் மொழி, பெரும்பாலும் பி1 மட்டம். அதை இங்கிருந்தே படித்துச் சோதனை எழுதலாம், கொழும்பில் கோதே நிறுவனம் இருக்கிறது. ஒழுங்காகப் படித்தால் ஒரு வருடமளவில் எட்டக்கூடிய மட்டம்தான்.

அங்கே பட்டமோ தொழிற்பயிற்சியோ முடித்து, அதற்கேற்ற வேலையில் இரண்டு வருடம் இருந்தால் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். குடியுரிமைக்குச் சட்டபூர்வமாக 5 வருடம் வாழ்ந்திருக்க வேண்டும், பி1 மொழி, ஒரு பரீட்சை, சொந்த உழைப்பில் வாழ்தல். மூன்று வருடத்தில் கொடுக்கும் விசேட வழியை 2025 ஒக்டோபரில் எடுத்துவிட்டார்கள். விண்ணப்பக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? வயது வந்த ஒருவருக்கு 255 யூரோ. தொண்ணூறாயிரம் ரூபாய்க்குள். ஐரோப்பியக் குடியுரிமைக்கு அரசாங்கம் போட்டிருக்கும் விலை அதுதான். மிச்சமெல்லாம் வருடங்கள்.

ஏற்கனவே பட்டமோ இரண்டு வருடத் தொழிற்பயிற்சியோ உள்ளவர்களுக்கு 2024 ஜூனிலிருந்து "வாய்ப்பு அட்டை" என்று ஒன்றும் இருக்கிறது. புள்ளி முறை. ஒரு வருடம் அங்கே தங்கி வேலை தேடலாம். ஆனால் வேலை கிடைக்காவிட்டால் திரும்ப வேண்டும், கையில் செலவுக்குப் பணமும் காட்ட வேண்டும். மொழி தெரியாமல் இதில் போவதை நாம் யாருக்கும் சொல்லமாட்டோம்.

இப்போது வட்டி விடயம். நகையை அடகு வைத்து, மைக்ரோ பினான்ஸில் எடுத்து, பிள்ளை பகுதிநேர வேலை செய்து கட்டுவான் என்று கணக்குப் போடுகிறார்கள். மார்க்கம் ஒரு பக்கம், கணக்கே பிழை. மாணவர் வீசாவில் வருடத்துக்கு 140 முழு நாட்கள்தான் வேலை செய்யலாம். அதில் சாப்பிட்டு, அறை வாடகை கட்டி, ஊருக்கும் வட்டிக்குப் பணம் அனுப்பினால் படிப்பு எப்போது? படிப்பு விழுந்தால் வீசா விழும். அதற்குப் பிறகு நாம் மேலே சொன்ன எந்த 5 வருடக் கணக்கும் ஓடாது.

இன்னொன்றையும் போகிறவர்கள் அறிந்திருக்க வேண்டும். ஜேர்மனி 2024 ஜூன் 27 முதல் பழைய குடியுரிமையை விடச் சொல்வதில்லை. ஆனால் நம் நாட்டுச் சட்டப்படி வேறு குடியுரிமை எடுத்தால், இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துப் பெறாதவரை இலங்கைப் பிரஜாவுரிமை போய்விடும். வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஊரில் வயலும் வளவும் வாங்கிப் போடும் எண்ணத்தில் உழைப்பவர்கள் அந்த விண்ணப்பத்தை மறந்துவிடக் கூடாது.

வேலைக்கு அனுப்புவதாகச் சொல்பவரிடம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிம இலக்கத்தைக் கேளுங்கள். பணியகத்தின் இலக்கம் 1989, அழைத்து விசாரியுங்கள். "நம்ம ஊர்ப் பொடியன், சொந்தக்காரன், எப்படிக் கேட்பது?" என்று வெட்கப்படுவதால்தான் பாதிக் காசு போகிறது. சொந்தக்காரனிடமும் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நுழைவாயிலுக்கு இன்னுமொரு வளைவு கட்டும் காசில் இருபது பிள்ளைகளுக்கு ஜேர்மன் மொழி வகுப்பு நடத்தலாம். மண்டபம் பாடசாலையில் இருக்கிறது, மாலையில் திறந்துவிட நாங்கள் தயார். கல்முனைக்கோ அக்கரைப்பற்றுக்கோ வந்து கற்பிக்க ஆள் கிடைக்காவிட்டால் சூம் இருக்கிறது. வகுப்பு ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று தொடங்க வேண்டாம். தாதியர் பயிற்சிக்கு ஆர்வமுள்ள பெண் பிள்ளைகள் எங்கள் வகுப்புகளிலேயே இருக்கிறார்கள். அவர்கள் போவதா இல்லையா என்பதை அந்தந்தக் குடும்பம் தீர்மானிக்கட்டும், மொழி படிப்பதற்கு என்ன தடை?

ஜேர்மனியில் இருக்கும் நம் ஊரவர்கள் யாராவது இதை வாசித்தால், கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் ஏ1 மட்டம் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கீழே எழுதுங்கள். எந்த நகரம், என்ன துறை, எந்த வழியில் போனீர்கள், உண்மையில் எவ்வளவு செலவானது என்பதையும் சேர்த்து எழுதினால் பெற்றோருக்கு உதவியாக இருக்கும். பெயர்களைத் திரட்டி நோன்புப் பெருநாளுக்குப் பிறகு முதல் வகுப்பைத் தொடங்கலாம், இன்ஷா அல்லாஹ்.