தலையும் வாலும் ஒன்று, நடுவில்தான் மோசம்!

கிரிப்டோ நாணய உலகில் முகவரி ஆள்மாறாட்டம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் தோல் தரம் பிரிப்பவரின் கண்ணை ஏமாற்றுவது சுலபமல்ல. கழுத்தையும் வாலையும் மட்டும் பார்த்து அவர் விலை சொல்ல மாட்டார். தோலை விரித்துப் போடுவார், புரட்டுவார், கை வைத்துத் தடவுவார். நடுவில் கத்தி வெட்டு உண்டா, உண்ணி கடித்த தழும்பு உண்டா என்று பார்த்த பிறகே தரம் சொல்லுவார்.

இந்தப் பழக்கம் இல்லாததால்தான், கிரிப்டோ நாணயம் வைத்திருப்போர் சிலர் கோடிக்கணக்கில் பறிகொடுத்திருக்கிறார்கள்.

42 எழுத்து முகவரி

இந்த நாணயத்தை 'வாலட்' என்னும் மின்னணுப் பணப்பையில் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு பைக்கும் ஒரு முகவரி உண்டு. எத்தீரியம் வகை முகவரியில் எழுத்தும் எண்ணுமாக 42 இருக்கும். பெயர் இல்லை, ஊர் இல்லை. இவ்வளவு நீளத்தை யார் நினைவில் வைப்பது? ஆகவே பல வாலட்டுகள் முதல் சில எழுத்துகளையும் கடைசி சில எழுத்துகளையும் காட்டிவிட்டு, நடுவில் புள்ளி வைத்துவிடுகின்றன. பார்ப்பவரும் அத்துடன் திருப்தி அடைகிறார்.

மோசடிப் பேர்வழி நுழைவது அந்தப் புள்ளி வைத்த இடத்தில்தான்.

கிரிப்டோ நாணயத்தின் கணக்குப் புத்தகம் பகிரங்கமானது. யார் எந்த முகவரிக்கு அனுப்புகிறார் என்பதை எவரும் பார்க்கலாம். அதைக் கவனித்து, தலையும் வாலும் அதேபோல் உள்ள ஒரு முகவரியைக் கம்ப்யூட்டர் மூலம் அவன் உண்டாக்குகிறான். அதிலிருந்து ஓர் அற்பத் தொகையை அனுப்பி வைக்கிறான். அது வரவு செலவுப் பட்டியலில் பதிந்துவிடுகிறது. அடுத்த முறை பணம் அனுப்புகிறவர் பட்டியலிலிருந்து முகவரியை நகல் எடுக்கும்போது, போலி கையில் சிக்குகிறது. பூட்டு உடையவில்லை, சாவி திருடு போகவில்லை. சொந்தக்காரரே தம் கையால் பணத்தை அனுப்பிவிடுகிறார்!

ஜாக்கிரதைக்காரரும் தப்பவில்லை

2024 மே மாதத்தில் ஒருவர் இவ்விதம் சுமார் 6.8 கோடி டாலர் மதிப்புள்ள நாணயத்தை இழந்தார். பேரத்துக்குப் பிறகு திருடன் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தான். அது அதிர்ஷ்டம்.

2025 டிசம்பரில் இன்னொருவர் சுமார் 5 கோடி டாலர் இழந்தார். இத்தனைக்கும் அவர் முதலில் 50 டாலரைச் சோதனையாக அனுப்பிப் பார்த்தவர். அது சரியான இடத்துக்கே போய்ச் சேர்ந்தது. சற்று நேரத்தில் போலி முகவரி பட்டியலில் வந்து உட்கார்ந்தது. மீதியை அனுப்பும்போது அதையே எடுத்துவிட்டார்.

ஆகவே, "ஜாக்கிரதையாக இருங்கள்" என்ற உபதேசம் மட்டும் போதாது.

பாங்கில் உள்ள காவல்

தோலும் செருப்பும் ஏற்றுமதியாகும் வேலூர் வட்டாரத்துக்கு இதன் உடன்பிறப்பு அந்நியமல்ல. ஓர் எழுத்தை மாற்றிய இ-மெயில் முகவரியிலிருந்து, "எங்கள் பாங்குக் கணக்கு மாறிவிட்டது" என்று தகவல் வரும் தந்திரம், வெளிநாட்டு வர்த்தகர் அனைவரும் அஞ்சுவது. ஆனால் அங்கே நடுவில் பாங்கு நிற்கிறது. உடனே புகார் செய்தால் பணத்தை மடக்க வழியுண்டு. உள்நாட்டில் நெப்ட், ஆர்.டி.ஜி.எஸ். முறையில் அனுப்புவோருக்கு, பெறுபவரின் பெயரை முன்கூட்டியே காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் அளிக்கும்படி ரிசர்வ் பாங்கு உத்தரவிட்டது.

வாலட்டிலிருந்து வாலட்டுக்குப் போகும் நாணயத்துக்கு அப்படி நடுவர் கிடையாது. அனுப்பியது அனுப்பியதுதான்.

யார் பொறுப்பு?

கிரிப்டோ லாபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 சதவீத வரி. 2023 மார்ச் முதல் இதன் வியாபார நிலையங்கள் கறுப்புப் பணத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தன. 2025 அக்டோபரில் சென்னை ஐகோர்ட்டு இதனைச் சொத்து என்றே கூறியது. வரி உண்டு, சொத்து என்ற அந்தஸ்தும் உண்டு. காவல் மட்டும் குறைவு.

முகவரியை முழுவதும் காட்டுவதும், அற்பத் தொகை வரவுகளைப் பட்டியலில் மறைப்பதும், போலியைக் கண்டு எச்சரிப்பதும் வாலட் தயாரிப்போரால் ஆகாத காரியம் அல்ல. நிலையங்களைப் பதிவு செய்யும் சர்க்கார், இதையும் நிபந்தனையாக்கினால் தவறில்லை.

அதுவரை, பழைய பட்டியலிலிருந்து நகல் எடுக்கலாகாது. பெறுபவரிடமே கேட்டு, முகவரிப் புத்தகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். பெருந்தொகை என்றால் 42-ஐயும் ஒப்பிட வேண்டும். ஏமாந்தவர்கள் தாமதமின்றி 1930-க்குத் தகவல் தர வேண்டும்.

நூறு ரூபாய்த் தோலை விரித்துப் பார்க்கும் ஊரில், லட்ச ரூபாய் முகவரியை மடித்தபடி நம்பலாமா?