பெற்றோரையும் உள்ளே கூப்பிடுங்கள்

பதற்றத்தால் அவதிப்படும் பிள்ளையை ஆலோசகரின் அறைக்குள் அனுப்பிவிட்டு, பெற்றோர் வெளியே செல்போனும் கையுமாக உட்கார்ந்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வாரத்தில் ஒரு மணி நேரம்தான் அந்த அறை, மிச்சமெல்லாம் வீடு. அங்கே என்ன நடக்கிறது? தனியே படுக்கப் பயந்தால் அம்மா பக்கத்தில் படுக்கிறார். கடைக்காரரிடம் பேசக் கூச்சப்பட்டால் அப்பா முந்திக்கொள்கிறார். "ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று பத்தாவது முறை கேட்டாலும் "ஆகாதுடா கண்ணு" என்ற பதில் தயார். எல்லாம் பாசம்தான். ஆனால், பயம் அப்போதைக்கு அடங்குகிறதே தவிர, 'என்னால் முடியாது' என்ற எண்ணம் பிள்ளைக்குள் கெட்டிப்படுகிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஈலை லெபோவிட்ஸ் உருவாக்கிய 'ஸ்பேஸ்' சிகிச்சை கைவைப்பது இந்த இடத்தில்தான். அதில் ஆலோசகரைச் சந்திப்பது பெற்றோர் மட்டுமே. பிள்ளை வர வேண்டியதில்லை. 7 முதல் 14 வயது வரையிலான 124 பிள்ளைகளைக் கொண்ட ஆய்வு 2020இல் வெளியானது. பிள்ளைக்கே நேரடியாகத் தரப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்கு 'ஸ்பேஸ்' சளைத்ததல்ல என்று அதில் தெரிந்தது. பெற்றோர் கற்பது முக்கியமாக இரண்டு: "பயமா இருக்குன்னு புரியுது, உன்னால சமாளிக்க முடியும்" என்று சொல்வது, பயத்துக்கு இப்படி முட்டுக்கொடுப்பதை, பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, படிப்படியாகக் குறைப்பது. இது பெற்றோர்மீது பழிபோடுவது ஆகாது. பிள்ளையோடு மல்லுக்கு நிற்பதைவிட நம் பழக்கத்தை மாற்றுவது நம் கையில் இருக்கிறது. எனவே "வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று பெற்றோர் கேட்க வேண்டும், அவர்கள் கேட்காவிட்டாலும் ஆலோசகர் சொல்ல வேண்டும்.