கட்டு – யார் வீட்டுச் சொத்து?

போன வாரம் ஆபீஸ் நண்பர் ஒருத்தரோட மாமல்லபுரம் போயிருந்தேன். கரை முழுக்க ஃபைபர் படகு. நடுவுல ஒரே ஒரு கட்டுமரம், நாலு மரத்தைச் சேர்த்துக் கயித்தால கட்டினது. பார்த்ததும் தமிழ் ரத்தம் சூடாயிடுச்சு. "காட்டமரான்னு இங்கிலீஷ்காரன் சொல்றானே, அது எங்க வார்த்தை"ன்னு ஆரம்பிச்சேன். உண்மைதான். டேம்பியர்ங்கிற கடலோடி 1697ல வெளியிட்ட பயணப் புத்தகத்துலயே அந்தச் சொல் இருக்கு.

அதோட நிறுத்தியிருக்கலாம். நண்பருக்குத் தாய்மொழி தெலுங்கு. "உங்க 'கட்டு'கூட எங்ககிட்ட வாங்கினதுதான்"னு சேர்த்துக்கிட்டேன். "ஏன் பாஸ், நீங்க எங்ககிட்ட வாங்கியிருக்கக் கூடாதா?"ன்னார். என்கிட்ட பதில் இல்ல.

செங்கல்பட்டுல ரயில் ஏறினோம். கொளவாய் ஏரி வந்ததும் கரையைக் காட்டி, "இதை நாங்க செருவு கட்டன்னு சொல்லுவோம்"னார். ஏரிக்கரை!

வீட்டுக்கு வந்து பர்ரோ, எமனோ தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைப் (1961, திருத்திய பதிப்பு 1984) பார்த்தேன். தமிழ், தெலுங்கு, கன்னடத்துல கட்டு; மலையாளத்துல கெட்டு; துளுவுல கட்டுனி. கயித்தால கட்டறதுக்கும் கல்லால கட்டறதுக்கும் ஒரே வினை. இதையெல்லாம் ஒப்பிட்டு, மூலத் திராவிட வடிவத்தை *கட்டு-ன்னு மீட்டெடுக்கறாங்க. முன்னால இருக்கற நட்சத்திரத்துக்கு அர்த்தம், 'இது எங்கயும் எழுத்துல கிடைக்கல, ஊகிச்சது'.

நம்ம பாஷையில சொன்னா, சோர்ஸ் கோட் தொலைஞ்சு போச்சு. கையில இருக்கற அஞ்சாறு வெர்ஷனை வெச்சு ரிவர்ஸ் எஞ்சினியரிங் பண்றாங்க. இங்கிலீஷ் நம்மகிட்ட பண்ணது காப்பி பேஸ்ட். தெலுங்குக்கு அது பரம்பரைச் சொத்து, நமக்கும் அப்படியே. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பினது என் தப்பு.

"தமிழ்லதானே பழைய எழுத்துச் சான்று இருக்கு?"ன்னு கேப்பீங்க. இருக்கு, அதுல எனக்கும் பெருமைதான். ஆனா அக்காவோட பழைய போட்டோ கிடைச்சதுக்காக அக்கா அம்மாவாயிட முடியாது.

'எல்லாம் தமிழ்லேர்ந்து வந்ததுதான்'னு எழுதறப்ப, காட்டமரான் மாதிரி நிஜமாவே நம்மகிட்டேர்ந்து போன சொல்லையும் யாரும் நம்பாமப் போயிடுவாங்க. அதுதான் நிஜமான நஷ்டம். அந்த நட்சத்திரக் குறியோட நேர்மை நம்ம பதிவுகளுக்கும் வரணும்.

திங்கக்கிழமை நண்பர்கிட்ட சாரி சொல்லிட்டேன். காபிக்குக் காசும் நான்தான் கட்டினேன் :-)

டிஸ்கி: இந்தப் பதிவு கட்டுக்கதை அல்ல.