ஆப்பிரிக்காவின் போன்ஹோஃபரா? குடினா தும்சாவுக்குச் சொந்தப் பெயரே போதும்

எத்தியோப்பிய லுத்தரன் திருச்சபையின் பொதுச் செயலாளராக இருந்த குடினா தும்சாவைப் பற்றி எங்கே தேடினாலும், முதல் இரண்டு வரிக்குள் ஒரு பட்டம் எட்டிப் பார்க்கும்: 'ஆப்பிரிக்காவின் போன்ஹோஃபர்'. கொடுப்பவர்கள் பாராட்டாகத்தான் கொடுக்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் அவர் வாழ்நாளில் எதை எதிர்த்து வாதாடினாரோ, அதையே இந்தப் பட்டம் அவருக்குச் செய்கிறது.

முதலில் பட்டத்துக்கு உரியவரைப் பார்த்துவிடலாம். டீட்ரிச் போன்ஹோஃபர், ஹிட்லரை எதிர்த்த ஜெர்மன் லுத்தரன் போதகர். 1939-ல் நியூயார்க்கில் பத்திரமாக இருந்திருக்கலாம். போன வேகத்தில் ஊர் திரும்பினார். 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார். குடினாவுக்கும் வெளிநாட்டில் அடைக்கலம் காத்திருந்தது. அவரும் மறுத்தார், அவரும் கொல்லப்பட்டார். அவ்வளவுதான் ஒற்றுமை. இந்த இரண்டு புள்ளிகளை வைத்துக்கொண்டு கோடு போட்டுவிட்டார்கள்.

அந்தக் கோட்டுக்கு வெளியே என்ன இருக்கிறது?

குடினா 1929-ல் மேற்கு எத்தியோப்பியாவின் வொல்லேகா பகுதியில், ஒரோமோ இனத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். ஸ்வீடன் மிஷனரிகள் நடத்திய மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு, 1958-ல் போதகராக அபிஷேகம் பெற்றார். அடுத்த ஆண்டு, 1959-ல், ஸ்வீடன், நார்வே, ஜெர்மனி, அமெரிக்கா என்று பல நாட்டு மிஷன்கள் தனித்தனியே வளர்த்த சபைகள் ஒன்றுசேர்ந்து சுதேசித் திருச்சபை ஆயின. பெயர் மெக்கானே யேசுஸ், 'இயேசு வாசம் செய்யும் இடம்' என்று பொருள். அப்போது அதன் உறுப்பினர் எண்ணிக்கை சுமார் 20,000. குடினா 1963 முதல் 1966 வரை அமெரிக்காவில், மினசோட்டாவின் லுத்தர் செமினரியில் படித்தார். திரும்பி வந்ததும் பொதுச் செயலாளர். 37 வயதில் ஒரு தேசியத் திருச்சபையின் நிர்வாகம் முழுக்க அவர் மேஜைக்கு வந்தது.

போன்ஹோஃபருக்கு இப்படி ஒரு மேஜை இருந்ததே இல்லை. அவர் இறையியலாளர், அரசுக்குத் தெரியாமல் போதகர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், கடைசியில் ஹிட்லரைக் கொல்லத் திட்டமிட்ட வட்டத்தில் இருந்தவர். குடினா எந்தக் கொலைச் சதியிலும் இல்லை. அவர் செய்தது பட்ஜெட் போடுவது, போதகர்களுக்குச் சம்பளம் தேடுவது, வெளிநாட்டு நிதி அமைப்புகளோடு மல்லுக்கட்டுவது. கேட்க வீரமாக இல்லை, இல்லையா? ஆனால் அவருடைய மிக முக்கியமான எழுத்து அந்த மல்லுக்கட்டிலிருந்துதான் பிறந்தது.

வருடம் 1972. அன்றைய நிலவரம் இதுதான்: மேற்கத்திய சபை அமைப்புகள் ஆப்பிரிக்காவுக்குத் தாராளமாகப் பணம் கொடுத்தன. பள்ளிக்கூடம், கிணறு, மருத்துவமனை, விவசாயத் திட்டம் என்று எது கேட்டாலும் கிடைத்தது. போதகர் பயிற்சி, தலைவர்களை உருவாக்குவது, ஜெபவீடு கட்டுவது என்று கேட்டால் கை சுருங்கியது. இதற்கு ஒரு காரணமும் இருந்தது. மேற்கு ஜெர்மனியில் 1962 முதல் அரசின் வளர்ச்சி உதவிப் பணம் சபை அமைப்புகள் வழியாகவும் போனது. வரிப்பணம் என்பதால் அதைப் பிரசங்கத்துக்குத் தொட முடியாது. அவர்கள் ஊர்ச் சட்டப்படி அது நியாயம்தான்.

வணிகவியல் முதலாண்டு மாணவனுக்கே தெரிந்த விஷயம் இது: குறிப்பிட்ட காரியத்துக்கென்று ஒதுக்கிக் கொடுத்த நிதியை வேறு எதற்கும் எடுக்க முடியாது. ஒரு நிறுவனத்துக்கு வருகிற பணத்தில் பெரும்பகுதி அப்படி வந்தால், அந்த நிறுவனத்தை நடத்துவது யார்? பெயர்ப்பலகையில் இருப்பவரா, நிபந்தனை எழுதியவரா? திட்டங்கள் ஊதிப் பெருக்கும். அவற்றைத் தாங்க வேண்டிய அமைப்பு மெலிந்துகொண்டே போகும். ஐந்து வருடத்தில் திட்டம் முடிந்ததும் கட்டடம் நிற்கும், அதை நடத்த ஆள் இருக்காது.

மெக்கானே யேசுஸ் சபை அந்த வருடம் உலக லுத்தரன் கூட்டமைப்புக்கு ஒரு கடிதம் அனுப்பியது. சுவிசேஷ அறிவிப்புக்கும் மனித வளர்ச்சிக்கும் உள்ள உறவு பற்றியது. அதன் பின்னணியில் இருந்தவர் குடினா. சாரம் இதுதான்: மனிதனை உடம்பு ஒரு கணக்கு, ஆத்துமா ஒரு கணக்கு என்று இரண்டு பேரேடாகப் பிரித்தது நீங்கள். முன்பு ஆத்துமாவை மட்டும் பார்த்தீர்கள், இப்போது வயிற்றை மட்டும் பார்க்கிறீர்கள். எங்கள் மண்ணில் மனிதன் முழு மனிதன். எது வளர்ச்சி என்ற அளவுகோலை உங்கள் ஊரில் செய்து இங்கே அனுப்பாதீர்கள்.

கையேந்துகிறவன் கொடுப்பவனுக்குப் பாடம் எடுப்பது சாதாரணமில்லை. கடிதம் அலமாரியில் தூங்கவும் இல்லை. 1974 அக்டோபரில் இதே விஷயத்தை விவாதிக்க நைரோபியில் உலக லுத்தரன் கூட்டமைப்பு ஒரு மாநாடே கூட்ட வேண்டியிருந்தது. அதே காலத்தில் 'மிஷனரியும் வேண்டாம், பணமும் வேண்டாம், கொஞ்ச காலம் நிறுத்துங்கள்' என்ற குரலும் ஆப்பிரிக்கத் திருச்சபைகளில் பலமாக இருந்தது. குடினா அதற்கும் தலையாட்டவில்லை. உறவை வெட்டுவது அவர் கேட்டதல்ல. சமமாக உட்கார்ந்து பேசும் உறவைத்தான் கேட்டார்.

இப்போது பட்டத்துக்குத் திரும்பலாம். 'உங்கள் அளவுகோலால் எங்களை அளக்காதீர்கள்' என்று எழுதிய மனிதரை ஒரு ஜெர்மானியரை வைத்து அளந்திருக்கிறார்கள்! அவருடைய வாழ்க்கையை ஜெர்மன் மார்க்காக மாற்றிக் காட்டினால்தான் மதிப்பு புரியும் என்பது போல. செலாவணி மாற்றத்தில் எப்போதும் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள். இங்கே கழிந்து போனது 1972 கடிதம்.

கடிதம் மட்டுமில்லை, புரட்சியின் முதல் கட்டமும் கழிந்தது. 1974 செப்டம்பரில் ஹைலே செலாஸி பேரரசர் கவிழ்ந்தார். 'டெர்க்' என்ற ராணுவக் குழு ஆட்சிக்கு வந்து, 1975-ல் நிலங்களை நாட்டுடைமை ஆக்கியது. நாஜி ஆட்சியோடு ஒப்பிட்டுப் படிப்பவர்கள் குடினா முதல் நாளிலிருந்தே எதிர்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்வார்கள். இல்லை. குத்தகைக் கொடுமையைக் கண்ணால் பார்த்த பகுதிக்காரர் அவர். நிலச் சீர்திருத்தத்தையும் சமூக நீதியையும் திருச்சபை வரவேற்றது. ஆனால் எந்தச் சித்தாந்தமும் கடவுளின் இடத்தில் உட்கார முடியாது என்று அதே 1975-ல் எழுதியும் வைத்தது. நல்லதை நல்லது என்று சொல்லிவிட்டு எல்லைக்கோடு போடுவது, கண்ணை மூடிக்கொண்டு எதிர்ப்பதைவிடக் கடினம்.

1977-ல் மெங்கிஸ்து ஹைலே மரியம் முழு அதிகாரத்தைக் கைப்பற்றினார். 'சிவப்பு பயங்கரம்' தொடங்கியது. லுத்தரன் கூட்டமைப்பு அடிஸ் அபாபாவில் நடத்திய வானொலி நிலையத்தை அரசு பறித்துக்கொண்டது. தேவாலயங்கள் மூடப்பட்டன. இங்கே மதச் சுதந்திரம் இருக்கிறது என்று வெளிநாடுகளில் நல்ல பெயர் வாங்கித் தர குடினா மறுத்தார். ஒரோமோ விடுதலை முன்னணியைத் தொடங்கியவர்களில் அவர் தம்பி பாரோ தும்சாவும் ஒருவர் என்பது அரசின் சந்தேகத்தைக் கூட்டியது. 1978 அக்டோபரில் கைது, 1979 ஜூனில் மறுபடி கைது. வெளியே வந்தபோது தான்சானிய அதிபர் ஜூலியஸ் நைரேரே மூலமாகத் தப்பிக்க வழி ஏற்பாடானது. மந்தையை இந்த நேரத்தில் விட்டுவிட்டுப் போக முடியாது என்று மறுத்துவிட்டார்.

1979 ஜூலை 28. ஜெபக் கூட்டம் முடிந்து வெளியே வந்த அவரையும் மனைவி ட்ஸெஹாய் டொலெஸ்ஸாவையும் கடத்தினார்கள். மனைவியை நகரத்துக்கு வெளியே இறக்கிவிட்டார்கள். குடினா அன்றிரவே கொல்லப்பட்டார். குடும்பத்துக்கு அது கூடத் தெரியாது. மெங்கிஸ்து 1991-ல் ஓடிய பிறகு, 1992-ல்தான் உடல் கிடைத்தது. இடையில் ட்ஸெஹாய் சுமார் பத்து வருடம் விசாரணையே இல்லாமல் சிறையில் வதைபட்டார். அவருக்கு எந்தப் பட்டமும் இல்லை. ஒப்பிட ஜெர்மனியில் ஆள் கிடைக்கவில்லை போலும்.

'பட்டம் இருப்பதால்தானே நாலு பேருக்கு அவரைத் தெரிகிறது?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் என்ன தெரிகிறது? சாவு தெரிகிறது. கொன்றவர்கள் ராணுவக் கம்யூனிஸ்டுகள். எனவே அந்தக் கதையைப் படிக்கிற எந்த மேற்கத்திய வாசகருக்கும் சங்கடமில்லை, கண்ணீர் விட்டுப் புத்தகத்தை மூடலாம். கடிதத்தைப் படித்தால் அப்படி மூட முடியாது, ஏனென்றால் அது எழுதப்பட்டதே அவர்களுக்கு. ஒரு மனிதரைத் தியாகி ஆக்குவதில் இந்த வசதி உண்டு: தியாகிக்குப் பதில் எழுத வேண்டியதில்லை, மாலை போட்டால் போதும்.

20,000 பேரோடு தொடங்கிய மெக்கானே யேசுஸ் இன்று ஒரு கோடிக்கும் மேற்பட்ட உறுப்பினர்களோடு உலகின் மிகப் பெரிய லுத்தரன் திருச்சபைகளில் ஒன்று. மறுபக்கம், பணம் கொடுக்கிறவர் நிபந்தனை எழுத, வாங்குகிறவர் அதற்கேற்ப விண்ணப்பத்தை வளைக்கும் பழக்கம் சபைகளைத் தாண்டி எல்லாத் தொண்டு நிறுவனங்களிலும் இருக்கிறது. 1972-ல் கேட்ட கேள்வி காலாவதி ஆகவில்லை.

குடினாவை மதிக்கிறவர்கள் அவர் கடிதத்துக்குப் பதில் சொல்லட்டும். பட்டத்தை அவர் கேட்கவே இல்லை.